கொச்சியில் இரு நாள்கள்

விடுமுறை வந்ததும் மலைவாசத் தலங்களையும் திருத்தலங்களையும் நாடுவது நம் குடும்பங்களின் வழக்கம். ஒரு பழைய நகரைக் காண்பதற்கென்றே இரு நாள்களை ஒதுக்குவோர் சிலரே. அவ்வாறு ஒதுக்க எண்ணும் வாசக அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க விரும்பும் நகர் கொச்சி. அங்குக் காணத்தக்கவை பல. ஒவ்வொன்றின் முன்னும் நின்று கேட்கத்தக்க கேள்விகளோ மூன்று: இதைக் கட்டியவர் யார்? இடித்தவர் யார்? இன்று காப்பவர் யார்?

கொச்சியை நீர்வழியே அடைதல் சிறப்பு. இரயிலில் எர்ணாகுளம் வந்து, படகுத்துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் படகேறலாம். பழைய அரசுப் படகுகளோடு, 2023-இல் தொடங்கப்பெற்ற நீர் மெட்ரோவின் மின்கலப் படகுகளும் இப்போது ஓடுகின்றன. இந்நகரை உருவாக்கியதே நீர்தான். 1341-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியில் கடலுக்குப் புதிய வாயிலைத் திறந்துவிட்டது என்பர் வரலாற்றறிஞர்.

இறங்கியதும் கரையோரம் தென்படுபவை சீன வலைகள். நெடிய மரச் சட்டங்களில் தொங்கும் வலையைச் சிலர் கூடி நீரில் இறக்கி, சற்றுப் பொறுத்துக் கயிறிழுத்து மேலேற்றுவர். கயிறுகளில் தொங்கும் பாறாங்கற்கள் எதிர்ப்பாரமாகி அவர்தம் உழைப்பைக் குறைக்கும். படம் எடுத்துக்கொண்டு உடனே நகர்ந்துவிடாமல், நான்கைந்து முறை வலை ஏறி இறங்கும்வரை நின்று காணுங்கள். பல வேளைகளில் ஒரு கைப்பிடி மீனே அகப்படும். இவ்வலைகள் முன்னைவிடக் குறைந்துபோனதன் காரணம் அப்போது தானே விளங்கும்.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் புனித பிரான்சிஸ் ஆலயம். போர்த்துகீசியர் 1503-இல் மரத்தால் எழுப்பிப் பின்னர்க் கல்லால் கட்டியது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த இடம் இதுவே. அவருடைய எலும்புகள் பின்னர்ப் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கல்லறைப் பலகை மட்டும் இங்குண்டு. 1663-இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இவ்வாலயத்தைத் தமது சபைக்கு ஆக்கிக்கொண்டனர். அடுத்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று தென்னிந்தியத் திருச்சபையினர் பேணுகின்றனர். வெளியிலிருந்து கயிற்றால் இழுக்கப்பெற்ற துணி விசிறிகள் இன்றும் மேலே தொங்குகின்றன.

அருகிலுள்ள சாந்தா குரூஸ் என்னும் திருச்சிலுவைப் பேராலயத்தின் கதை வேறு. பழைய பேராலயத்தை டச்சுக்காரர் இடிக்காமல் ஆயுதக் கிடங்காக்கினர். 1795-இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். இப்போதைய ஆலயம் 1905-இல் நேர்ந்தளிக்கப்பட்டு, 1984-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரால் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தில் நிற்கிறது. பலர் அதனைக் காணாமலே கடந்து செல்கின்றனர்.

இரண்டாம் நாளை மட்டாஞ்சேரிக்கு வையுங்கள். போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன. அதன் அண்மையிலேயே 1568-இல் எழுந்த யூதர்களின் பரதேசி செபக்கூடம். அரண்மனையை ஒட்டி அதற்கு நிலம் தந்தவர் கொச்சி மன்னர். 1662-இல் அதனைப் பாழ்படுத்தியவர் போர்த்துகீசியர். அவர் நம் மறையினர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. டச்சுக்காரர் காலத்தில் அது மீண்டும் செப்பமுற்றது. தரையில் பதித்துள்ள நீலமும் வெண்மையுமான ஓடுகள் சீனத்திலிருந்து கப்பலேறி வந்தவை.

இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றிய பின்னர்ப் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். இத்தெருவின் மூத்த யூதப் பெண்மணி 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமானார். முதுமையில் அவரைத் தாய்போல் பேணி, அவருடைய தையற்கடையையும் நடத்திவந்தவர் ஓர் இஸ்லாமிய அன்பர். செபிக்க வேண்டியோர் போய்விட்ட இல்லத்தைப் பிறர் கூட்டிப் பெருக்கிக் காத்துவருவதைக் கண்டு நாம் நெடுநேரம் பேசாமல் நின்றோம்.

மாலையில் கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியிலுள்ள சலவைத் துறைக்கும் செல்லுங்கள். தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கென டச்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கு இன்றும் வெளுத்துத் தேய்த்து வாழ்கின்றனர். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனைகளைச் செருகிவிடுகின்றனர். காற்று எவ்வளவு அடித்தாலும் துணி விழுவதில்லை. பற்பல தலைமுறைகள் கடந்தும் அவர்கள் வீட்டில் வழங்கும் மொழி தமிழே. தமிழில் பேசிப் பாருங்கள். முகம் மலர்ந்து வரவேற்பர்.

சில நடைமுறைக் குறிப்புகள்: சூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகுதி, அதனைத் தவிர்த்தல் நலம். செபக்கூடம் சனிக்கிழமை பார்வையாளர்க்குத் திறப்பதில்லை. கோட்டைக் கொச்சியிலேயே தங்கினால் பெரும்பகுதியை நடந்தே காணலாம்; நண்பகல் வெயிலில் ஓய்ந்திருந்து, காலையிலும் மாலையிலும் நடப்பது நன்று.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். மேற்கூறிய மூன்று கேள்விகளையும் ஒவ்வோர் இடத்திலும் அவர்களே கேட்கட்டும். இரண்டாம் கேள்விக்கு விடையாக நம்மவர் பெயரே வரும் இடத்தில் பெற்றோர் தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.