சிராக்யூஸில் கேட்ட நேர்முக வர்ணனை

பெரம்பலூரில் தை மாதக் குளிருக்கு ஒரு போர்வை போதும். சிராக்யூஸில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. நியூயார்க் மாநிலத்தின் நடுவில் இருக்கிற ஊர் இது. ஒன்டாரியோ ஏரி மேல் வரும் காற்று ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் பனியை இங்கே கொட்டிவிட்டுப் போகிறது. தங்கை மகன் காரை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவில் கூடைப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனாலும் கால் மணி நேரத்தில் ஆட்டம் கண்ணுக்குள் வந்துவிட்டது. பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் கையில் இருக்கிறது, அவர் என்ன செய்கிறார் என்று அந்தக் குரல் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனது. பந்து நின்ற நொடியில் புள்ளிக் கணக்கும் மிச்சமிருக்கும் நிமிடமும் வந்து விழுந்தன.

“யாருப்பா பேசறது? ரொம்ப நாள் அனுபவம் போல இருக்கே?”

“இல்ல மாமா, எங்க யுனிவர்சிட்டி பையன்தான். மூணாவது வருஷம் படிக்கிறான்.”

வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் ஆட்டம் முடியும்வரை நான் காரை விட்டு இறங்கவில்லை.

அந்த வானொலி டபிள்யூ.ஏ.இ.ஆர்., 88.3 எஃப்.எம். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1947-இல் தொடங்கியது. அமெரிக்கா முழுக்க அறிந்த விளையாட்டு வர்ணனையாளர் பாப் காஸ்டாஸ் மாணவனாக மைக் பிடித்தது இங்கேதான். அவருக்கும் இந்த வானொலிக்கும் முன்னால் மார்ட்டி கிளிக்மன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தொடரோட்டத்துக்குப் போய், ஓட விடாமல் நிறுத்தப்பட்ட யூத இளைஞர். மறு ஆண்டே, இதே ஊரில் மாணவராக இருந்தபோது, வானொலியில் பேச ஆரம்பித்தார். அண்மைக் காலத்தவர் நோவா ஈகிள். 2019-இல் பட்டம் வாங்கிய கையோடு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணியின் வானொலி வர்ணனையாளர் ஆகிவிட்டார்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் வர்ணனை செய்யும் மாணவி ஒருவர் தன் அட்டையைக் காட்டினார். இரண்டு அணி ஆட்டக்காரர்களின் எண், பெயர், உயரம், சொந்த ஊர் எல்லாம் பல நிறங்களில், பொடி எழுத்தில். ஒரு ஆட்டத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதுகிறார்களாம். ஆட்டம் முடிந்ததும் தன் பதிவைத் தானே கேட்க வேண்டும். மூத்த மாணவர்கள் பக்கத்தில் இருந்து பிழை சொல்வார்கள். “கேக்கிறவங்க இப்பதான் ரேடியோவைத் திருப்பியிருப்பாங்க, ஸ்கோர் சொல்லுங்கறதுதான் முதல் பாடம்” என்று தங்கை மகன் தமிழில் விளக்கினான். பழைய பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதற்காகவே மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை மைக் அருகில் வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார்.

நன்றாகப் பேசும் மாணவர்களுக்கு விருதும் உண்டு. நாடு முழுவதுமுள்ள கல்லூரி வர்ணனையாளர்கள் தங்கள் பதிவுகளை அனுப்புகிறார்கள். முதலிடம் பெறுபவருக்கு ஜிம் நான்ட்ஸ் விருது. நான்ட்ஸும் பெரிய வர்ணனையாளர்தான். ஓடுகிறவனுக்கும் எறிகிறவனுக்கும் மட்டுமே பதக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆட்டத்தைச் சொல்கிற இருபது வயதுக் குரலுக்கும் ஒரு மேடை இருக்கிறது என்றபோது மனசு நேராக ஊருக்குப் போய்விட்டது.

பொங்கலுக்கு வேப்பூர்ப் பக்கம் கபடி நடக்கும். டிராக்டர் டிரெய்லர் மேல் மைக் செட். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை பேசுவான். பாடிப் போகிறவன் எந்த ஊர், போன வருஷம் யாரிடம் பிடிபட்டான், இப்போது எந்தக் காலை நீட்டுகிறான் என்று ஒன்று விடாமல் சொல்வான். ஓரத்தில் இருட்டில் நிற்கிற கிழவிக்கும் ஆட்டம் தெரியும். அந்த அட்டையை அவன் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறான். விடிந்ததும் ஒரு துண்டு போர்த்துவார்கள். அவன் பேசியதை யாரும் பதிவு செய்வதில்லை. மறுபடி அவனே கேட்டதும் இல்லை.

தமிழுக்கு இது புதிய கலையும் இல்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது, டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்று கேட்ட தலைமுறை நாங்கள். அவர் 2020-இல் காலமானார். ஆட்டக்காரர்களுக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்திய அணிக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே, பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்ட கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். அந்த கோலை அரியலூர்த் தமிழில் சொல்ல ஒரு பையனை நாம் தயார் செய்யவில்லையே என்பதுதான் என் குறை.

வழி இல்லாமலும் இல்லை. கல்லூரி வளாகத்திலிருந்தே வானொலி நடத்தலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் 2004-லேயே காட்டிவிட்டது. பெரம்பலூர், அரியலூர் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவில் உங்கள் மாணவர் ஒருவரிடம் மைக்கைக் கொடுங்கள். அவர் பேசுவதை முழுக்கப் பதிவு செய்யுங்கள். பரிசு மேடையில் ஆட்டக்காரர்களோடு அவர் பெயரையும் கூப்பிடுங்கள்.