பதினாறுக்குப் பதினாறு

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லிட்டர் இஞ்சின், 227 குதிரைத்திறன், ஐந்து கியர். ஜப்பானின் குன்மா மாகாணத்தில் ஓட்டா என்ற ஊரில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய வண்டி. வந்தபோது அதில் மிட்சுபிஷி தயாரித்த சின்ன டர்போ இருந்தது. இப்போது இருப்பது அதன் அண்ணன் வண்டியான எஸ்டிஐயில் வரும் ஐஎச்ஐ டர்போ. சுபாரு வைத்திருப்பவர்களிடையே இது பழகிய மாற்றம்தான். போல்ட் துளைகள் ஒத்துப்போகும், பெரிய வெட்டு ஒட்டு வேலை கிடையாது. சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு மதியத்துக்குள் மாட்டிவிடலாம். திங்கட்கிழமையிலிருந்து அதே வண்டியில் மிச்சிகனில் நோவைக்கும் ஆன் ஆர்பருக்கும் நடுவே தினமும் போய்வருவதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை ஒரு சக்கரத்தின் மேல் மோதவிட்டு, அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும். அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம்.

சக்கரம் பெரிதானால் அதிகக் காற்று வரும், ஆனால் சுற்ற ஆரம்பிக்க நேரமாகும். ஒரே வடிவச் சக்கரத்தின் சுழல் நிலைமம் விட்டத்தின் ஐந்தாம் மடங்கில் ஏறும் என்று கல்லூரியில் படித்திருக்கிறோம். விட்டம் 10 சதவீதம் கூடினால் நிலைமம் 60 சதவீதம் கூடும். பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கித் தந்த அந்தக் கணக்கை இப்போது கால் கட்டைவிரலில் உணர்கிறேன். முன்பு 3000 சுற்றிலேயே முதுகைப் பிடித்துத் தள்ளிய வண்டி, இப்போது 3500 வரைக்கும் சாதுவாக வரும். அதற்குப் பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி கிளம்பும். சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டும்போது இந்தச் சாதுத்தனம் எரிச்சலாக இருக்கும். எந்த முந்தலானாலும் இரண்டு விநாடி முன்பே கியரைக் குறைத்து, இஞ்சினை எழுப்பி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து வந்த அம்மா முதல்முறை ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்: “என்னடா, கியர் மாத்தும்போதெல்லாம் வண்டி பெருமூச்சு விடுது?” ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் போக இடமில்லாமல் நிற்கும் அழுத்தக் காற்றை ஒரு வால்வு பின்வழியாகத் திருப்பிவிடும் சத்தம் அது. விளக்கிச் சொன்னேன். “எதுக்கு இவ்வளவு சிரமப்படுத்தறே அதை” என்றாள்.

மென்பொருளில் ஒரு நூலகத்தின் பதிப்பை மாற்றினால் அது இன்னும் நான்கைக் கேட்கும். இங்கேயும் அதே கதை. காற்று அதிகம் வந்தால் பெட்ரோலும் அதிகம் வேண்டும். அதனால் பெரிய இன்ஜெக்டர், மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப். காற்றை அழுத்தினால் சூடாகும், சூடான காற்று அடர்த்தி குறைந்தது, ஆகவே பெரிய இன்டர்கூலர். முறுக்குவிசை கூடியதால் பழைய கிளட்ச் வழுக்கும், அதையும் மாற்றியாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு, ஐந்து கியர் பெட்டி அப்படியே இருக்கிறது. இந்த வண்டியில் பலவீனமான இடம் அதுதான் என்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் எவ்வளவு அழுத்தம் ஏற்றலாம் என்பதை டர்போ தீர்மானிப்பதில்லை, கியர் பெட்டியும் பிஸ்டனும் தீர்மானிக்கின்றன.

பிஸ்டனின் எதிரிக்குப் பெயர் ‘நாக்’. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ ஒழுங்காகப் பரவி முடிப்பதற்குள், மூலையில் ஒதுங்கிய கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பது. லேசாக நடந்தால் டொக் டொக் என்று சத்தம். அதிக அழுத்தத்தில் தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் விளிம்பு உடையும். இதைக் கேட்பதற்கென்றே இஞ்சின் மேல் ஒரு சென்சார் ஒட்டியிருக்கிறது. அது சொல்வதைக் கேட்டு இசியு என்ற கணினி பற்றவைக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும்.

என் வண்டியின் இசியு தனக்குள் ஓர் எண் வைத்திருக்கிறது. பூஜ்யத்திலிருந்து பதினாறு வரை போகும். பெட்ரோல் நன்றாக இருக்கிறது, நாக் இல்லை என்று தெரியத் தெரிய எண் ஏறும், சந்தேகம் வந்தால் இறங்கும். பற்றவைப்பை எவ்வளவு முன்னால் கொண்டுபோகலாம் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எட்டிலிருந்து ஆரம்பிக்கும், அதாவது பாதி நம்பிக்கையிலிருந்து. வாரம் ஒருநாள் மடிக்கணினியை ஒயரில் இணைத்து, ரோம்ரெய்டர் என்ற திறந்தநிலை மென்பொருளில் பதிவுகளைப் பார்ப்பேன். மற்ற நூறு எண்களுக்கு முன்னால் கண் அங்கேதான் போகும். பதினாறு இருந்தால் அந்த வாரம் நிம்மதி.

கம்பெனி வண்டியில் இதையெல்லாம் யாரும் பார்க்க வேண்டியதில்லை. காரணம், அதை வடிவமைத்தவர்கள் மோசமான பெட்ரோல், பாலைவனச் சூடு, ஆயில் மாற்ற மறந்த உரிமையாளர் எல்லோரையும் கணக்கில் எடுத்து ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பிரீமியம் பெட்ரோல் என்றால் 91 ஆக்டேன், இங்கே 93. ஒரே வண்டி இரண்டையும் குடித்து ஓட வேண்டும். நாங்கள் டர்போ மாற்றிக் கூடுதல் சக்தி எடுக்கிறோம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்து எடுப்பதுதான். முன்பு 13 பிஎஸ்ஐ, இப்போது 18. எங்கேயோ ஒரு பொறியாளர் எனக்காகப் பட்ட கவலையை அவரிடமிருந்து வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கவலையை உரிமையாளர் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் இருக்கிறது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. நாக் வராமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தை இஞ்சினுக்குள் தெளிப்பார்கள். அதன் குப்பியை உரிமையாளர் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. குப்பி காலியானால் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. வண்டி மந்தமாகிவிட்டது என்று புகார் வந்தது. பின்னாளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர நிறுவனமே முன்வந்தது. இயந்திரக் கோளாறைவிட, ஒரு குப்பியை யார் கவனிப்பது என்ற கேள்விதான் அந்தக் காரை வீழ்த்தியது என்று எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் குப்பி கிடையாது, பட்டியல் இருந்தது. சாவியை மனைவியிடம் கொடுக்கும்போது சொல்வேன்: ஆயில் சூடாகும்வரை 3000 தாண்டாதே, 93 தவிர வேறு பெட்ரோல் போடாதே, ஐந்தாவது கியரில் கீழேயிருந்து அழுத்தாதே, கடைசி ஒரு மைல் மெதுவாக வா. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது வண்டியா, பத்தியத்துல இருக்கற பேஷண்டா?” என்பாள்.

போன பிப்ரவரியில் ஒருநாள் ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. வெளியே மைனஸ் 15 டிகிரி. நான் ஊரில் இல்லை. அவள் குழந்தையைப் பின்சீட்டில் கட்டி உட்காரவைத்து, உறைந்துபோன இஞ்சினை எழுப்பி நேராக நெடுஞ்சாலையில் ஏறியிருக்கிறாள். வண்டிக்கு எதுவும் ஆகவில்லை, குழந்தையும் மறுநாள் சரியாகிவிட்டது. நான் போனில் கேட்டதெல்லாம் குழந்தையைப் பற்றித்தான். ஆனாலும் அவளே சொன்னாள்: “உன் லிஸ்ட் எதுவும் ஞாபகம் வரல. குழந்தையைப் பாக்கறதா, கேஜைப் பாக்கறதா?”

மைனஸ் 15இல் காற்று, 30 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 17 சதவீதம் அடர்த்தி. அழுத்தம் குறியைத் தாண்டிப் பாய்வதற்கு ஏற்ற இரவு அது. ஆயிலோ கூழாக இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் அப்போதுதான் தேவை. அவசரத்தில் இருக்கும் ஒருவரால் கடைப்பிடிக்க முடியாததும் அப்போதுதான்.

அந்த வாரக்கடைசியில் பட்டியலை இசியுவின் அட்டவணைகளுக்குள் கொண்டுபோனேன். குளிர்ந்த இஞ்சினில் டர்போ அழுத்தம் ஏறவே ஏறாது. குறைந்த சுற்றில் எவ்வளவு மிதித்தாலும் முறுக்குவிசைக்கு வரம்பு உண்டு. உச்ச அழுத்தம் 18இலிருந்து 16க்கு வந்தது. கொஞ்சம் வேகம் போனது. அந்த வேகத்தை நான் மாதத்தில் இரண்டு முறைகூடத் தொட்டதில்லை. மீதி நாளெல்லாம் அதற்கான விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சட்டமும் இந்தக் கணக்கில் வருகிறது. கலிபோர்னியாவில் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் இல்லாத பாகத்தோடு புகைச் சோதனையில் தேற முடியாது. 2021 ஜூலையிலிருந்து இசியு மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மிச்சிகனில் சாதாரணக் கார்களுக்கு அப்படியொரு வருடாந்திரச் சோதனையே கிடையாது. கேட்க ஆளில்லாத ஊரில் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கம்பெனி வைத்தபடியே இருக்கிறது, அதைக் கழற்றினால் இன்னும் சீக்கிரம் டர்போ எழும் என்று தெரிந்தும்.

இவ்வளவு எதற்கு, சும்மா பழைய டர்போவையே மாட்டிவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. மாட்டலாம். ஆனால் பகல் முழுக்க யாரோ எழுதிய நிரல்களின் மேல், எங்கே ஓடுகின்றன என்றே தெரியாத சர்வர்களில் வேலை செய்கிறவனுக்கு, மூடியைத் திறந்தால் காரணமும் விளைவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருள் தேவைப்படுகிறது. 3500 தாண்டி அந்த இழுப்பு வரும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது பட்டியலில் ஒரே வரிதான் மிச்சம்: 93. அதை மட்டும் எந்த அட்டவணையிலும் எழுத முடியாது. பெட்ரோல் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அவசரத்தில் யாராவது 87 போட்டுவிட்டால் இசியு ஒன்றிரண்டு நாக் கேட்கும், பதினாறு இறங்கும், வண்டி கொஞ்ச நாள் சோம்பலாக ஓடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே வேண்டாம்.