ஏழு இசைத்தட்டுக்கள் கொண்ட பெட்டி

ரொறன்ரோவில் இருக்கும் எனது மருமகள் இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது, சொக்கிளேற், சவர்க்காரம், வலி நீக்கும் களிம்பு இவற்றோடு ஒரு சிறிய கடதாசிப் பெட்டியையும் மேசையில் வைத்தாள். உள்ளே ஏழு இசைத்தட்டுக்கள். "சின்ன மாமி, இதை நீங்கள் கேட்கவேணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் றேடியோவில் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்தவள் நான். வெள்ளைக்காரரின் வயலின் கூட்டத்தை வைத்து நான் என்ன செய்வது?

அந்தப் பெட்டி போலந்து நாட்டு இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியுடையது. அமெரிக்காவின் நொன்சச் நிறுவனம், தான் வெளியிட்ட அவரது இசையை ஒன்றாகச் சேர்த்து 2016 இல் வெளியிட்டது. மருமகள் இரண்டு இரவுகள் இருந்து அவரது கதையைச் சொன்னாள். 1933 இல் பிறந்தவர். இரண்டு வயதில் தாயை இழந்தார். தாயின் பழைய பியானோ வீட்டில் இருந்தும் அதைத் தொட அவரை விடவில்லையாம். சிறுவனாக விழுந்து இடுப்பு விலகியது. உரிய வைத்தியம் கிடைக்காததால் வாழ்நாள் முழுவதும் நோவு. இளவயதில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பிறகுதான் முறையாக இசை கற்றார். நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேரை நாங்கள் கண்டிருக்கிறோம்! அந்த இடத்திலேயே அவர் எனக்கு அந்நியராக இல்லாமல் போய்விட்டார்.

பெட்டியில் இருப்பவற்றில் ஒன்று அவரது மூன்றாவது சிம்பொனி. சோகப் பாடல்களின் சிம்பொனி என்று பெயர். 1976 இல் எழுதியது. அடுத்த வருடம் பிரான்சில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது பலருக்குப் பிடிக்கவில்லை. 1992 இல் டோன் அப்ஷா என்ற அமெரிக்கப் பாடகி பாடிய ஒலிப்பதிவு வெளிவந்ததும், பத்து இலட்சத்துக்கு மேல் விற்றதாம்.

அதில் மூன்று பாடல்கள். மூன்றும் மெதுவானவை. முதலாவது, சிலுவையில் சாகும் மகனிடம் மரியாள் புலம்பும் பழைய பாடல். அடித்தொண்டையில் முனகுவதுபோலப் பெரிய நரம்பு வாத்தியங்கள் தொடங்க, ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். செத்த வீட்டில் ஒரு பெண் தொடங்கிய ஒப்பாரியை மற்றப் பெண்கள் வந்து வந்து தூக்கிப் பிடிப்பார்களே, அப்படி. தாயின் குரல் நடுவில்தான் வரும். பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விடும். இது மட்டும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல்.

இரண்டாவது, 1944 இல் ஸகொபானே என்ற ஊரில் ஜேர்மன் இரகசியப் பொலிசின் சிறைச்சுவரில் பதினெட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுதியது. ஹெலேனா என்பது அவளது பெயர். அம்மாவை அழவேண்டாம் என்கிறாள், தேவமாதாவைத் துணைக்கு அழைக்கிறாள், அவ்வளவுதான். மற்றச் சுவர்களில் கோபமும் பழிவாங்கலும் இருக்க, இந்தப் பிள்ளை தாயை மட்டும் நினைத்தது குரெட்ஸ்கியைத் தொட்டிருக்கிறது.

மூன்றாவது ஒரு நாட்டார் பாடல். சண்டையில் போன மகனின் உடல் எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் ஊரெல்லாம் விசாரிக்கும் தாய்.

இதைத்தான் நான் யோசியாமல் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அக்காவின் மகன் 2009 சித்திரையில் எங்களைப் பிரிந்தவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அக்கா அவனுக்குத் திவசம் செய்யவில்லை, செய்யவும் விடமாட்டா. உடுப்புக்கள் றங்குப்பெட்டியில் இருக்கின்றன. மாசத்துக்கு ஒருக்கா எடுத்து வெயிலில் போடுவா.

பழைய சீடி றேடியோவில் மூன்றாவது பாடல் ஓடிக்கொண்டிருந்தது. நான் மருமகள் சொன்ன கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சுளகை மடியில் வைத்தபடி கேட்டா:

"அவவுக்குப் பிள்ளையின்ர இடம் தெரிஞ்சதோ?"

"இல்லையக்கா. எங்கையோ கிடங்கில கிடக்கிறான் எண்டுதான் பாடுறா. கடைசியில குருவியளை அவனுக்குப் பாடச் சொல்லிக் கேக்கிறா."

"அப்ப அவ ஒத்துக்கொண்டிட்டா" என்றா அக்கா. "நான் ஒத்துக்கொள்ளேல்லை. நிப்பாட்டு."

நிற்பாட்டினேன். அக்கா அரிசியைச் சுளகோடு விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டா. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரம். மற்றவரின் துக்கப் பாட்டு எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் ஏன் நினைத்தேன்?

பிறகு பல நாட்கள் மற்றத் தட்டுக்களைத் தனியாகக் கேட்டேன். எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். நரம்பு வாத்தியம் நான்கு மட்டும் வாசிக்கும் துண்டுகள் சில காதைக் கீறின. போலந்தில் தொழிற்சங்கத்தினர் தாக்கப்பட்டபோது, 1981 இல், அவர் எழுதிய பிரார்த்தனை இசை பிடித்தது. ஐந்தே ஐந்து சொற்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல். கடைசித் தட்டில் உள்ள நான்காவது சிம்பொனியை அவர் முடிக்கவில்லை. 2010 இல் இறந்துபோனார். மகன்தான் முடித்துக் கொடுத்திருக்கிறார். இளமையில் எழுதிய முரட்டு இசை இந்தப் பெட்டியில் இல்லை என்று மருமகள் குறைப்பட்டாள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

போன கார்த்திகையில் ஒரு மழை நாள். அக்கா தானாகவே வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "அந்தச் சிறைக்குள்ள இருந்த பிள்ளை தாய்க்கு எழுதினதைப் போடு" என்றா.

போட்டேன். ஒன்பது நிமிடம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றா. முடிந்ததும், "தாயை அழவேண்டாமெண்டு சொல்லியிருக்கு, பார்" என்றுவிட்டுக் கோழிக்கூடு சாத்தப் போனா.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்த பிறகு அதைப் போடுகிறேன். மூன்றாவது பாடல் தொடங்க முதல் கைவைத்து நிற்பாட்டிவிடுவேன்.