நடுவில் நிற்கும் பெட்டி

"பழைய சர்வருக்கு நெட் கொடுக்கணும், அவ்வளவுதானே சார்? ஒரு ப்ராக்ஸி போட்டா முடிஞ்சது. அரை மணி நேர வேலை." அறந்தாங்கியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில், முதலாளி பக்கத்தில் இருக்கும்போதே ஒரு இளைஞர் என்னிடம் இப்படிச் சொன்னார். அங்கே நான் ஏற்கெனவே அமைத்திருந்த ப்ராக்ஸியின் கான்ஃபிக்கை அவர் முன்தினமே சுருக்கியிருந்தார். அவர் வெட்டிய வரிகளில் முதலாவது, சர்ட்டிபிகேட்டைச் சரிபார்க்கும் வரி. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியிலும் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் நான் கவனித்துவரும் சில கடைகளில் பில்லிங் இன்னமும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6-இல்தான் ஓடுகிறது. அடியில் இருப்பது விண்டோஸ் சர்வர் 2003. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2015 ஜூலை 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 64 பிட் விண்டோஸில் அந்த 16 பிட் புரோகிராம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சரக்கு இருப்பு, பாக்கி லெட்ஜர், லாரி வாடகை எல்லாம் அதற்குள்தான். கவுன்ட்டரில் இருப்பவர் திரையைப் பார்க்காமலே பில் போடுவார். அதைத் தூக்கிப் போடு என்று சொல்கிறவர்கள் சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வெளியே பேசாமல் இருந்தவரை அந்த சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. 2018 ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கும் இ-வே பில் வந்தது. 2022 அக்டோபர் 1 முதல் பத்துக் கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. ஒவ்வொரு பில்லும் வெளியே போய், 64 எழுத்து ஐஆர்என் எண்ணோடும் க்யூஆரோடும் திரும்பி வந்தாக வேண்டும். போர்ட்டலில் மறுபடி தட்டச்சு செய்தால் லாரி வாசலிலேயே நிற்கும். பில் ஃபைலை எடுத்து ஜேசனாக்கி ஜிஎஸ்பி (ஜிஎஸ்டி சுவிதா ப்ரொவைடர்) சர்வருக்கு அனுப்ப விபி6-இல் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஹேண்ட்ஷேக்கிலேயே அறுந்தது.

காரணம் தெரிந்ததுதான். 2003-க்குத் தெரிந்தது 1999-இல் வந்த டிஎல்எஸ் 1.0 வரைதான். வெளிச் சர்வர்கள் 1.2-க்குக் கீழே பேசுவதில்லை, 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் முறைப்படியே கைவிட்டாயிற்று. இங்கேதான் இளைஞர்கள் ஸ்க்விட்டைப் போட்டு, அதன் முகவரியைப் பழைய சர்வரில் கொடுத்துவிட்டு, "ப்ராக்ஸி போட்டும் வரவில்லை" என்று ஃபோன் செய்கிறார்கள். கனெக்ட் முறையில் ஸ்க்விட் வழியை மட்டும் திறந்துவிடும். ஹேண்ட்ஷேக் அப்போதும் பழைய சர்வருக்கும் வெளிச் சர்வருக்கும் இடையில்தான் நடக்கும். நடுவில் எத்தனை ஸ்க்விட் வைத்தாலும் கிளையன்ட் ஹலோ அதே பழைய ஹலோ. திருச்சியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்காமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்க விடமாட்டார். அதற்கான வயர்ஷார்க் கருவிக்கு அப்போது ஈதரியல் என்று பெயர்; 2006-இல்தான் மாறியது. அதில் ஒரு நிமிடம் பார்த்தால் இந்த விஷயம் தெரிந்துவிடும். இன்று யாரும் பார்ப்பதில்லை.

டிஎல்எஸ் நடுவில் இருக்கும் பெட்டியிலேயே முடிய வேண்டும். டெபியன் போட்ட ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதில் என்ஜின்எக்ஸ். பழைய சர்வர் அதனிடம் வெறும் ஹெச்டிடிபியில் பேசும்; அது வெளியே 1.2-இல் பேசும். அந்த வெறும் ஹெச்டிடிபியில் ஜிஎஸ்பியின் பாஸ்வேர்டும் போகிறது. ஆகவே கடையின் ஸ்விட்ச் வழியாக அதை விடமாட்டேன். இரண்டாவது நெட்வொர்க் கார்டு, நேரே ஒரு கேபிள். பழைய சர்வருக்கு கேட்வே கிடையாது. பெட்டிக்கும் ஜிஎஸ்பியைத் தவிர வேறு வாசல் கிடையாது.

இனி சரிபார்ப்பு. என்ஜின்எக்ஸில் வெளிச் சர்வரின் சர்ட்டிபிகேட்டைச் சரிபார்ப்பது, நாம் எதுவும் எழுதாவிட்டால், அணைந்தே இருக்கும். எந்தப் பெயரைத் தேடி வருகிறோம் என்று சொல்லும் எஸ்என்ஐயை அனுப்புவதும் அப்படியே. எஸ்என்ஐ இல்லாவிட்டால் பல சர்வர்கள் வேறு யாருடைய சர்ட்டிபிகேட்டையோ நீட்டும், அல்லது முகத்தில் கதவைச் சாத்தும். அதனால் அதை எல்லோரும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். சரிபார்ப்பு இல்லாவிட்டாலோ எல்லாம் ஒழுங்காக ஓடும். அதுதான் ஆபத்து. யாராவது சரிபார்ப்பைப் போட முயன்றாலும் அடுத்த தடை வரும்: சங்கிலியின் ஆழம். போடாமல் விட்டால் ஆழம் ஒன்று. மூலச் சர்ட்டிபிகேட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் இரண்டு இடைநிலை சர்ட்டிபிகேட் இருந்தால் சங்கிலி எட்டாது, 502 வரும். எர்ரர் லாகில் சங்கிலி நீளம் அதிகம் என்று தெளிவாக எழுதியிருக்கும். ஆழத்தை மூன்று என்று போட்டால் தீர்ந்தது. லாகைத் திறக்காதவர் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு, பில் வந்ததும் சந்தோஷமாக பஸ் ஏறிவிடுகிறார்.

2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சர்ட்டிபிகேட் ஒன்று காலாவதியாகி, உலகெங்கும் பழைய கருவிகள் திணறின. சரிபார்ப்பை அணைத்து வைத்தவர்களுக்கு அன்று ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அதைத் தங்கள் அமைப்பின் உறுதிக்குச் சாட்சியாகச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய சர்வர் தன் நம்பிக்கை முழுவதையும் இந்தப் பெட்டியிடம் ஒப்படைத்திருக்கிறது. எதிரில் இருப்பது யார் என்று அதனால் கேட்க முடியாது. 200 வந்தால் போதும், அதற்கு எல்லாம் சரி. பிராட்பேண்ட் ரவுட்டரில் எவனாவது டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டால், கடையின் ஜிஎஸ்டி எண், வாடிக்கையாளர் பெயர், விலை, பாஸ்வேர்டு எல்லாம் அவனிடம் போகும். முதலாளிக்குத் தெரியவே தெரியாது. கேட்க வேண்டிய இடத்தில் நிற்பது பெட்டி ஒன்றுதான். அதன் கண்ணைக் கட்டிவிட்டு "முடிஞ்சது சார்" என்று சொல்வதை நான் வேலை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இன்னும் சில உண்டு. என்ஜின்எக்ஸ் வெளிச் சர்வரின் ஐபியைக் கிளம்பும்போது ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளும். அங்கே ஐபி மாறினால் ரீலோடு செய்யும்வரை பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருக்கும். ரிசால்வர் கொடுத்து, பெயரை ஒரு வேரியபிளில் வைக்க வேண்டும். பெட்டியில் கடிகார பேட்டரி இருக்க வேண்டும், ஏனென்றால் தேதி தப்பினால் நல்ல சர்ட்டிபிகேட்டும் கெட்டதாகத் தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. இவற்றையெல்லாம் கொட்டேஷனில் எழுதினால், எதற்கு இத்தனை என்று கேட்கிறார்கள். அரை மணி நேரக்காரர் பாதி விலை சொல்கிறார், அவருக்கே கொடுக்கிறார்கள்.

முதலாளிகளுக்கு நான் சொல்லிவைத்திருப்பது ஒன்று. யார் ப்ராக்ஸி அமைத்தாலும், காசு கொடுப்பதற்கு முன்னால், பெட்டியைச் சிறிது நேரம் பேட்எஸ்எஸ்எல் தளத்தின் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காலாவதியான சர்ட்டிபிகேட், பெயர் பொருந்தாத சர்ட்டிபிகேட் என்று சோதனைக்கென்றே அங்கே தனித்தனி முகவரி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் 502 வர வேண்டும். பக்கம் அழகாகத் திறந்தால் மீதிப் பணத்தை நிறுத்திவையுங்கள்.