கையில் கனக்காத பாரம்

மண்வாரி இயந்திரத்தின் இருக்கையில் அமரத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. திருவண்ணாமலையிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நான் தோண்டாத மண் குறைவு. ஏரிகளைத் தூர் வாரியிருக்கிறேன். சாலைகளுக்குப் பள்ளமும் வீடுகளுக்குக் கடைக்காலும் எடுத்திருக்கிறேன். இத்தொழிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

சங்கிலிச் சக்கரங்களில் ஊர்ந்து செல்லும் இயந்திரத்தை நம் மக்கள் 'பொக்லைன்' என்பார்கள். அது பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். ரப்பர் சக்கரங்களில் ஓடும் மஞ்சள் வண்டி ஜே.சி.பி. இங்கிலாந்தில் 1945-இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. நான் ஓட்டுவது அந்த மஞ்சள் வண்டியைத்தான். எந்த வண்டியானாலும் இயங்கும் முறை ஒன்றே. குழாய்களுக்குள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தமே அதன் வலிமை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் கண்டு சொன்னவர் பிலேஸ் பாஸ்கல். இறைவனைப் பற்றியும் மனிதனின் சிறுமையைப் பற்றியும் ஆழச் சிந்தித்து எழுதிய அதே பாஸ்கல்தான். அவர் கண்ட விதியினால்தான் என் விரல்களின் அசைவுக்கு ஒரு டன் மண் மேலெழுகிறது.

ஆனால் இந்த வசதிக்கு மறுபக்கமும் உண்டு. கடப்பாரை பிடிப்பவனின் கை, கல்லில் இடித்தால் அதிரும். மண்வெட்டி வேரில் பட்டால், வேர் என்று கைக்குத் தெரியும். லிவர் அப்படியன்று. பக்கெட்டின் பற்கள் பாறையைக் கவ்வினாலும் மண்பானையைக் கவ்வினாலும் என் கைக்கு ஒரே இலேசுதான். "கையை நம்பாதே தம்பி, காதை நம்பு" என்பார் எனக்குத் தொழில் கற்பித்த அண்ணன். எஞ்சின் முனகினால் அடியில் கல். வண்டி ஒரு பக்கம் தூக்கினால் அளவு மீறிய பாரம். முதல் ஆண்டில் ஒரு வீட்டின் பின்புறம் பள்ளம் எடுக்கையில் குடிநீர்க் குழாயை அறுத்துவிட்டேன். தண்ணீர் பீறிட்டு எழும்வரை எனக்குத் தெரியவே இல்லை.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கொட்டும் மழையில் நனைந்தபடி திருப்பலிக்குச் சென்று திரும்பினோம். மழை விட்டபாடில்லை. அன்று மாலை அண்ணாமலையின் சரிவிலிருந்து பாறையும் சேறும் பெயர்ந்து வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடிவிட்டன. உள்ளே எழுவர், அவர்களில் ஐவர் குழந்தைகள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் தெரிந்தவர் ஒருவர் அழைக்க, வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அடிவாரத் தெருவோடு என் பயணம் நின்றது. அதற்குமேல் வழி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தது. வழிந்து வந்த சேற்றைத் தெருவிலிருந்து ஒதுக்குவதே என் வேலையாயிற்று. மேலே தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் வழுக்கும் சேற்றில் நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் நின்றிருந்த ஒரு மூதாட்டி என் வண்டியருகே வந்தார். "ஏம்பா, இவ்ளோ பெரிய வண்டி வெச்சிருக்கியே, மேல போயி அந்தக் கல்லைத் தூக்கிப் போடக் கூடாதா?" என்று கேட்டார். வழியில்லை என்று சொன்னேன். ஆனால் வழி இருந்திருந்தாலும், புதையுண்ட குழந்தைகளைத் தேடும் இடத்தில் தொடுவது எதுவென்று அறியாத என் பக்கெட்டை எப்படி இறக்கியிருப்பேன்? எஞ்சினை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுவரில் ஒருவரும் உயிரோடு மீளவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தத் தெருவில் நான் வேலை செய்ததில்லை. அந்த வீட்டுக்கு நான் கடைக்கால் எடுத்ததுமில்லை. ஆயினும் வேறு இடங்களில், வேறு சரிவுகளில், மனைக்காக எத்தனை முறை அடிவாரத்தை வெட்டிச் சமன் செய்திருக்கிறேன்! சரிவின் அடிமண்தான் மேலிருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதை வெட்டி எடுத்தால் மேலே உள்ளது பிடிமானம் இழக்கும். பெருமழையில் நீர் இறங்கிய மண் கனத்து இளகும்; அதன்மேல் அமர்ந்திருக்கும் பாறைக்குப் பிறகு எது துணை? இது எனக்குத் தெரியாததன்று. எங்கள் வாடகை மணிக்கணக்கில். மணிக்கு எவ்வளவு என்பதே பேச்சு, மேலே என்ன இருக்கிறது என்று கேட்பாரில்லை, நானும் கேட்டதில்லை. 2668 அடி உயரமுள்ள மலையின் ஓரத்தைக் கிள்ளியபோதும் லிவர் என் கையில் கனக்கவில்லை.

அடுத்த சில நாள்களில் கார்த்திகை தீபம் வந்தது. டிசம்பர் 13 அன்று தீபம். நிலச்சரிவின் காரணமாக அவ்வாண்டு பக்தர்களை மலையேற விடவில்லை. ஆனால் தீபக் கொப்பரையை வழக்கம்போல் மனிதர்கள் தோளில் சுமந்தே உச்சிக்குக் கொண்டுசென்றார்கள். நான் அவ்வழிபாட்டைச் சேர்ந்தவனல்லன். எனினும் அவ்வாண்டு சுமப்பவர்களை எண்ணிப் பார்த்தேன். தோளில் சுமப்பவன் ஒவ்வோர் அடியிலும் பாரத்தை அறிகிறான். கால் வைக்கும் கல் அசைகிறதா என்று பார்த்து வைக்கிறான். எனக்கோ அந்த அறிவைத் தராமலே வலிமை மட்டும் தரப்பட்டிருந்தது. அதிகாரமும் பணமும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது. ஒரு கையெழுத்து எத்தனை குடும்பங்களின் மேல் விழுகிறது என்பதைப் பேனா சொல்வதில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, சரிவை ஒட்டிய சிறு மனை ஒன்றைச் சமன் செய்ய அழைத்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன். மனைக்கு நேர் மேலே வீடளவு பாறை ஒன்று மண்ணில் பாதி புதைந்து நின்றது. "இங்கே வெட்டக் கூடாது ஐயா" என்றேன். மனைக்காரர் கிரிவலப் பாதையில் பூ விற்பவர். "எனக்கு வேற எடம் எங்கப்பா இருக்குது?" என்றார். என்னிடம் விடையில்லை. மழைக்காலத்தில் குழந்தைகளை அங்கே உறங்க வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் வேறொரு வண்டி வந்து வெட்டிவிட்டுப் போனது.

நான் மறுத்ததால் மலை காப்பாற்றப்படவில்லை என்பதை அறிவேன். ஆயினும் இப்போதெல்லாம் எந்த வேலையானாலும் முதலில் வண்டியிலிருந்து இறங்குகிறேன். இடத்தைச் சுற்றி நடந்து, மேலே பார்த்து, ஒரு பிடி மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்க்கிறேன். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். வாடகை தருபவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அந்தப் பத்து நிமிடத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.