பூட்ட மாத்துல

பாளையங்கோட்டை வீட்டு மாடி, ராத்திரி ஒரு மணி. கடவுச்சொல் இருந்த கோப்பையும் சேர்த்து கமிட் போட்டு, புஷ்ஷும் பண்ணிவிட்டேன். பதறி, கோப்பை அழித்து இன்னொரு கமிட் போட்டேன். பழைய கமிட்டில் அது அப்படியே கிடந்தது. புஷ்ஷுக்கு முன் பார்த்திருந்தால் 'கிட் ரீசெட்' போதும். அப்போதும் கைவிட்ட கமிட் ரிஃப்ளாக்கில் வழக்கமாக 30 நாள் கிடக்கும். எதையும் லேசில் தொலைக்காத ஜென்மம் கிட்.

அம்மா ஏறி வந்தாள்.

"ஏல, இன்னும் தூங்கலியா?"

"சாவி வெளிய போயிட்டும்மா."

"அப்பம் பூட்ட மாத்துல."

முதலில் செய்திருக்க வேண்டியது அதைத்தான். நானோ இரண்டு மணிநேரமாக வரலாற்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அந்த இரண்டு மணிநேரத்தில் யாரும் உள்ளே வந்தார்களா என்று லாக்கைத் திறந்தேன்.