குழந்தைக்குக் குழந்தைச் சட்டை

பெண் குழந்தைக்குச் சட்டை வாங்குவது அப்படி என்ன பிரம்ம வித்தையா என்று கேட்பவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் அலைந்து பார்க்கட்டும்!

சென்ற மாதம் எங்கள் 8 வயது மகளை அழைத்துக்கொண்டு நானும் என் சகதர்மிணியும் 6 கடை ஏறி இறங்கினோம். ஒரு சட்டைக்குத் தோள் இல்லை. இன்னொன்றுக்கு முதுகு இல்லை. மற்றொன்று முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. பெரியவர்களின் உடுப்பை நனைத்துச் சுருக்கி வைத்தாற்போல் இருந்தன எல்லாம்.

"குழந்தைதானே, ஸார்! இதிலென்ன யோசனை?" என்றார் விற்பனையாளர்.

குழந்தை என்பதுதானே ஐயா, யோசனையே! போட்டுப் பார்த்தவள் உடுப்பைக் கீழே இழுத்து இழுத்து விட்டபடி நின்றாள். "இதைப் போட்டுக்கொண்டு பாண்டி ஆட முடியாதப்பா" என்றாள். வேறு தீர்ப்பு எதற்கு?

மதுரைச் சுங்குடித் துணி வாங்கி, ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்தி, தெருக்கோடித் தையற்காரரிடம் கொடுத்தோம். பாவாடையின் அடியில் அரை அங்குலத்தில் 3 டக்கு வைத்துத் தைத்தார். ஒரு டக்கைப் பிரித்தால் 1 அங்குலம் நீளும். இந்த வயதில் குழந்தைகள் வருஷத்துக்குச் சுமார் 2 அங்குலம் வளர்கிறார்கள். பாவாடையும் கூடவே வளரும். நம் பாட்டிமார் போட்ட கணக்கு அது!

அடக்கம் என்று போர்த்தி மூடச் சொல்லவில்லை நான். உடுப்பை மறந்து விளையாடக் குழந்தைக்கு உரிமை உண்டு. அவளை மறக்கவிடாத சட்டை எத்தனை அழகானாலும் அவளுக்கு ஏற்றதல்ல.